காலை 10.18: காவலர் இவோன் ஃப்ளெட்சர் கொலை, ஒரு நிகழ்வு ஆய்வு

1984 ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் அன்று காலை முதல் தகராறு ஆர்ப்பாட்டக்காரர்களோடு வரவில்லை. பேரிகேடு இறக்கி வைக்க வந்த தொழிலாளர்களோடு வந்தது. சதுக்கத்தின் 5ஆம் எண் கட்டடம் லிபியாவின் தூதரகம். அதற்குள்ளிருந்து வெளியே வந்தவர்கள், தங்கள் வாசலுக்கு எதிரே தடுப்பு வைக்கக் கூடாது என்று மறித்தார்கள். உள்ளே துப்பாக்கி இருக்கிறது, இன்றைக்கு இங்கே சண்டை நடக்கும் என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகத் தொழிலாளி ஒருவரின் சாட்சியம் இருக்கிறது. வாக்குவாதம் முற்றியதில் தூதரகத்துக்காரர்கள் இருவரைப் போலீஸ் கைது செய்து கொண்டுபோனது. அந்த இருவரில் ஒருவர் சாலிஹ் இப்ராஹிம் மப்ரூக். பேரிகேடுகள் திட்டமிட்ட இடத்திலேயே வைக்கப்பட்டன. பந்தோபஸ்து ஏற்பாட்டில் வேறு எந்த மாற்றமும் இல்லை.

சில மணி நேரத்தில் 25 வயதுப் பெண் காவலர் ஒருவர் அதே தடுப்புக்கு முன்னால் சுடப்பட்டு விழுந்தார். இந்த வழக்கில் தகவல் இல்லாமல் போன கட்டம் என்று ஒன்றுகூடக் கிடையாது. தகவல் எப்போதும் இருந்தது. தேவைப்பட்ட இடத்துக்கு அது வந்து சேரவில்லை. சாவுக்கு முன்பும் இதே கதை, சாவுக்குப் பிறகு நீதிமன்றத்திலும் இதே கதை. அதனால்தான் 40 ஆண்டுகள் கழித்தும் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யார் இவர்

இவோன் ஜாய்ஸ் ஃப்ளெட்சர் 1958 ஜூன் 15 அன்று வில்ட்ஷயர் மாவட்டத்தின் செம்லி கிராமத்தில் பிறந்தார். நான்கு பெண் பிள்ளைகளில் மூத்தவர். சின்ன வயதிலிருந்தே போலீஸ் வேலைதான் வேண்டும் என்றிருந்தவருக்கு உயரம் இடித்தது. பெண்களுக்கு அப்போது கேட்கப்பட்ட உயரம் 5 அடி 4 அங்குலம். இவர் ஏறக்குறைய 5 அடி இரண்டரை. பல ஊர்க் காவல் படைகள் திருப்பி அனுப்பிவிட்டன. 1977 மார்ச்சில் லண்டன் பெருநகரக் காவல்துறை எடுத்துக்கொண்டது. போ ஸ்ட்ரீட் காவல் நிலையத்தில் பணி. சுடப்பட்ட அன்று ஏழு ஆண்டு அனுபவம் இருந்தது. திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையும் காவலர்தான்; அன்றைக்கு அதே சதுக்கத்தில், அதே பந்தோபஸ்தில் நின்றவர்.

முந்தைய இரவு

லிபியாவை ஆண்ட கடாஃபியின் அரசு 1979 முதல் தன் வெளிநாட்டுத் தூதரகங்களை "மக்கள் அலுவலகம்" என்று அழைக்கத் தொடங்கியிருந்தது. இது பெயர்ப்பலகையை மாற்றும் சமாச்சாரம் மட்டுமாக நிற்கவில்லை. 1984 பிப்ரவரியில் லண்டன் அலுவலகத்தின் பொறுப்பைப் "புரட்சிக் குழு" என்ற மாணவர் கும்பல் கையிலெடுத்தது. உள்ளே இருப்பவர்களில் யார் அங்கீகரிக்கப்பட்ட தூதர், யார் வெறும் மாணவர் என்பதே குழம்பிப்போனது. மார்ச் மாதம் லண்டனிலும் மான்செஸ்டரிலும் கடாஃபி எதிர்ப்பாளர்களைக் குறிவைத்துக் குண்டுகள் வெடித்தன. ஏப்ரல் நடுவில் லிபியத் தலைநகர் திரிப்போலியில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவரைப் பகிரங்கமாகத் தூக்கிலிட்டார்கள். அதைக் கண்டித்துத்தான் 17ஆம் தேதி ஆர்ப்பாட்டம் அறிவிக்கப்பட்டது.

16ஆம் தேதி இரவு மூன்று தடங்களில் எச்சரிக்கை வந்தது.

முதலாவது, தூதரகத்துக்காரர்களே பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போய் ஆர்ப்பாட்டத்தைத் தடுக்கச் சொன்னார்கள். போலீஸுக்குச் சொல்கிறோம், தடை செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது, திரிப்போலியில் பிரிட்டிஷ் தூதர் ஆலிவர் மைல்ஸை நள்ளிரவில் அழைத்து இதையே வலியுறுத்தினார்கள். மூன்றாவது தடம்தான் கனமானது. ஆர்ப்பாட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று லண்டன் அலுவலகம் திரிப்போலியைக் கேட்ட செய்தியை பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு அமைப்பு பிடித்திருந்தது. வெளியே இறங்கி மோதுவது, உள்ளேயிருந்து சுடுவது, அரசு மூலம் நெருக்கடி கொடுத்து நிறுத்துவது என்று அதில் வழிகள் அடுக்கப்பட்டிருந்தனவாம். பின்னாளில் வெளியான உளவு வரலாறுகள் சொல்வது இது. செய்தி பிடிபட்டதே தவிர, சதுக்கத்தில் நின்ற காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

முதல் இரண்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அவை வழக்கமான தூதரகப் புலம்பல்தான். எந்த அதிகாரியும் அவற்றை அப்படித்தான் படித்திருப்பார். மூன்றாவதை அருகில் வைத்தால்தான் அந்தப் புலம்பலின் அர்த்தமே மாறுகிறது: அரசு மூலம் நெருக்கடி கொடுக்கும் வழியை முயன்று பார்த்தாயிற்று, பலிக்கவில்லை, மீதி இரண்டு வழிகள்தான் கையிருப்பு. காலையில் தொழிலாளி காதில் விழுந்த பேச்சையும் சேர்த்தால் நான்கு துண்டுகள். நான்கும் நான்கு வேறு கைகளில் கிடந்தன.

நின்ற நிலை

பந்தோபஸ்து போட்டவர்கள் கணக்கிட்டது ஒரே ஆபத்தைத்தான்: இரண்டு லிபியக் கோஷ்டிகள் கைகலக்கும் ஆபத்து. எதிர்ப்பாளர்கள் சுமார் 75 பேர். பலர் இங்கிலாந்தின் வடபகுதி ஊர்களிலிருந்து பேருந்தில் வந்தவர்கள். ஊரிலுள்ள குடும்பத்துக்குத் தொல்லை வரக்கூடாது என்று முகத்தை மூடியிருந்தார்கள். கடாஃபி ஆதரவாளர்கள் இன்னொரு பக்கம். நடுவில் காவலர்கள் சுமார் 30 பேர். தூதரகப் பாதுகாப்புப் பிரிவினரைத் தவிர யாரிடமும் துப்பாக்கி இல்லை. சாதாரணக் காவலருக்குக் குண்டு துளைக்காத உடுப்பு கொடுக்கும் பழக்கம் அன்றைக்கு இல்லை. ஃப்ளெட்சர் உடம்பில் இருந்தது துணிச் சீருடையும் தலையில் தொப்பியும்.

எதிர்ப்பாளர்கள் சாலைக்கு அந்தப்புறம், தூதரகத்தைப் பார்த்தபடி, பேரிகேடுக்குப் பின்னால் நின்றார்கள். காவலர்கள் பேரிகேடுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அதாவது தூதரகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கூட்டக் கட்டுப்பாட்டில் உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: தள்ளுமுள்ளு எந்தப் பக்கமிருந்து வருமோ அந்தப் பக்கம் முகம். கல்லும் தடியும் வரும் ஆர்ப்பாட்டத்துக்கு இது சரி. முதல் மாடி ஜன்னலிலிருந்து குண்டு வரும் ஆர்ப்பாட்டத்துக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. மேலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டால், குறி ஒரு முழம் தாழ்ந்தாலும் குண்டு போய் விழும் இடத்தில் காவலர் வரிசை. ஜன்னலில் என்ன நடக்கிறது என்று பார்க்க அந்த வரிசையில் ஒருவர்கூடத் திரும்பி நிற்கவில்லை.

குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயன்பட்டவை ஸ்டெர்லிங் வகைச் சப்மெஷின் துப்பாக்கிகள். பிரிட்டிஷ் ராணுவமே வைத்திருந்த ரகம். இந்தியாவில் கான்பூரில் உரிமம் வாங்கித் தயாரித்து நம் போலீஸார் "கார்பைன்" என்று தோளில் மாட்டிக்கொண்ட ஆயுதத்துக்கும் இதுவே மூலம். 9 மில்லிமீட்டர் தோட்டா, மேகசினில் 34. தொடர்சுடலில் நிமிடத்துக்குச் சுமார் 550 என்ற வேகம். கணக்குப் போட்டால் ஒரு மேகசின் நான்கு விநாடிக்குள் காலி. கையில் அள்ளிப் பிடித்துத் தொடராகச் சுடும்போது இதில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து அடிப்பது கடினம். ஒரு பகுதியில் தெளிக்கலாம், அவ்வளவுதான். ஃப்ளெட்சரைக் குறிபார்த்துக் கொன்றார்கள் என்ற பேச்சு அடிக்கடி வருவதால் இதைச் சொல்கிறோம். இலக்கு கூட்டம். காவலர் நடுவில் நின்றார்.

10.18

ஆர்ப்பாட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. 10.18க்கு முதல் மாடியின் இரண்டு ஜன்னல்களிலிருந்து சுட்டார்கள். ஆர்ப்பாட்டக்காரர்கள் 11 பேருக்குக் காயம். ஃப்ளெட்சருக்கு முதுகுப் பக்கம் குண்டு பாய்ந்தது. அங்கேயே விழுந்தார். படம்பிடிக்க வந்திருந்த தொலைக்காட்சிக் குழுவின் பதிவில் வெடிச்சத்தம் இருக்கிறது. முதல் கணம் பலருக்கு அது துப்பாக்கி என்றே உறைக்கவில்லை.

திறந்த வெளி, மேலே துப்பாக்கி, கீழே விழுந்து கிடக்கும் சக காவலர். ஓடி ஒளிய நியாயம் இருந்தும் கூட இருந்தவர்கள் குனிந்து அவரைத் தாங்கினார்கள். பக்கத்துச் சார்லஸ் II தெருவுக்குத் தூக்கிப்போய், அங்கிருந்து ஆம்புலன்சில் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனை. உடன் ஏறிப் போனவர் ஜான் மரே என்ற காவலர். அறுவை சிகிச்சை தொடங்கியும் பலனில்லை. நண்பகல் வாக்கில் உயிர் பிரிந்தது. இதைச் செய்தவர்களைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று மரே அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த வாக்கு வெறும் உணர்ச்சிப் பேச்சாகப் போகவில்லை. கீழே மறுபடி வரும்.

சதுக்கத்தில் அவருடைய தொப்பியும் வேறு நான்கு காவலர்களின் தலைக்கவசங்களும் கிடந்தபடியே கிடந்தன. போய் எடுக்க வழியில்லை. முற்றுகை நடந்த நாட்களில் அந்தத் தொப்பியின் படம் மறுபடி மறுபடி வந்தது; இன்றும் பலருக்கு இந்த வழக்கு என்றால் அவர் முகத்தைவிட முந்தி அந்தத் தொப்பிதான் நினைவுக்கு வரும்.

பதினொரு நாள்

கொலை நடந்த கட்டடம் தெரியும். கொலையாளிகள் உள்ளே இருப்பது தெரியும். ஆயுதப் போலீஸ் சுற்றி நிற்கிறது. ஏன் உள்ளே போகவில்லை என்று அன்றைக்குக் கேட்காதவர் இல்லை.

1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, தூதரக வளாகத்துக்குள் தூதரகத் தலைவரின் சம்மதம் இல்லாமல் நுழையக் கூடாது என்கிறது. தீ விபத்து, கொலை என்று எந்த விதிவிலக்கும் அதில் எழுதப்படவில்லை. 29, 31 பிரிவுகள் தூதர்களைக் கைதிலிருந்தும் குற்ற வழக்கிலிருந்தும் காக்கின்றன. உள்ளே இருந்த மாணவர்களில் பலருக்கு இந்தக் காப்பு இல்லை என்று வாதிடலாம்தான். ஆனால் அவர்களைப் பிரித்தெடுக்கக் கட்டடத்துக்குள் போயாக வேண்டும்; கட்டடத்துக்கு 22ஆம் பிரிவு காவல்.

திரிப்போலியில் பிரிட்டிஷ் தூதரகத்தையும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். லிபியாவில் வேலை பார்த்த பிரிட்டிஷ்காரர்கள் ஆயிரக்கணக்கில். லண்டனில் கதவை உடைத்தால் அங்கே என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதல் நாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் போர்ச்சுகலில், வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹோ சீனாவில். உள்துறை அமைச்சர் லியோன் பிரிட்டன் நெருக்கடிக் குழுவை நடத்தினார்.

கடைசியில் எடுத்தது சட்டம் அனுமதித்த ஒரே கடுமையான நடவடிக்கை. ஏப்ரல் 22 அன்று பிரிட்டன் லிபியாவோடு உறவை முறித்தது; வெளியேற ஒரு வாரக் கெடு. 27ஆம் தேதி உள்ளே இருந்த 30 பேர் வெளியே வந்தார்கள். விசாரித்தார்கள், விமானம் ஏற்றினார்கள், திரிப்போலியில் இறங்கினார்கள். அதே நாள் ஃப்ளெட்சரின் இறுதிச் சடங்கு சால்ஸ்பரி பேராலயத்தில் நடந்தது; காவலர்கள் 600 பேர் வந்திருந்தார்கள். ஒரே நாளில் இரண்டும் நடந்ததை அந்தக் காவலர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

தூதரகங்கள் தங்கள் அரசுக்கு ஆவணம் அனுப்பும் முத்திரையிட்ட பைகளும், அதாவது தூதரகப் பைகளும், போயின. 27ஆம் பிரிவின்படி அந்தப் பையைத் திறக்கவோ தடுத்துவைக்கவோ கூடாது. ஒரு சட்ட நுணுக்கம் இங்கே பேசப்பட்டது. லிபியா உடன்படிக்கையில் சேரும்போது, சந்தேகமான பையைத் திறந்து காட்டக் கேட்போம், மறுத்தால் புறப்பட்ட இடத்துக்கே திருப்புவோம் என்று தனி நிபந்தனை போட்டிருந்தது. அதையே அவர்கள் மேல் திருப்பியிருக்கலாமே என்பது வாதம். திருப்பியிருந்தாலும் பெரிய லாபம் இல்லை: "புறப்பட்ட இடம்" அதே 5ஆம் எண் கட்டடம். பை மறுபடி உள்ளே போயிருக்கும்.

தடயம்

கெடு முடிந்தபின்தான் போலீஸ் உள்ளே நுழைந்தது. கண்ணி வைத்திருக்கிறார்களா என்று முதலில் சோதித்தார்கள். பிறகு கைத்துப்பாக்கிகள், தோட்டாக்கள், முதல் மாடி ஜன்னலருகே சுட்டபின் படியும் வெடிமருந்துத் துகள், காலித் தோட்டா உறை ஒன்று. சுட்ட ஸ்டெர்லிங்குகள் கிடைக்கவில்லை. இடம் நிரூபணம் ஆனது, ஆள் ஆகவில்லை. துகள் ஜன்னலில் இருக்கிறது. அது யாருடைய கையில் இருந்தது என்று பார்க்க வேண்டிய கைகள் மூன்று நாள் முன்பே விமானம் ஏறிவிட்டன. தூதரகக் காப்பு கொலையாளியைக் கைதிலிருந்து மட்டும் காக்கவில்லை. தடயம் ஆறிப்போகும் அவகாசத்தையும் கொடுத்தது.

மரண விசாரணையில் ஜூரி, தூதரகத்தின் முன்பக்க முதல் மாடி ஜன்னல்கள் இரண்டில் ஒன்றிலிருந்து வந்த குண்டே சாவுக்குக் காரணம் என்று முடிவு சொன்னது. இதன் மேல் 1990களில் ஒரு சந்தேகம் தொலைக்காட்சியில் கிளப்பப்பட்டது: உடலில் குண்டு போன கோணம் மிகச் செங்குத்து, ஆகவே வேறு உயரமான கட்டடத்திலிருந்து வேறு யாரோ சுட்டிருக்க வேண்டும் என்று. பிரேதப் பரிசோதனையில் அளக்கும் கோணம் உடலை அச்சாக வைத்து அளப்பது. நேராக நிற்கும் ஆளுக்கும், திரும்பிக் குனியும் ஆளுக்கும் ஒரே குண்டு இரு வேறு கோணம் காட்டும். அவர் அந்தக் கணத்தில் திரும்பிக்கொண்டிருந்தார் என்பதே மரண விசாரணையில் சொல்லப்பட்ட விளக்கம். வெடிமருந்துத் துகளும் தோட்டா உறையும் 5ஆம் எண்ணில் கிடைத்திருக்க, இரண்டாவது கட்டடத்தைத் தேடிப் போக எங்களுக்கு எந்த முகாந்திரமும் தெரியவில்லை.

மீண்டும் அதே சுவர்

1999இல் லிபியா கொலைக்குப் "பொதுவான பொறுப்பு" ஏற்றது. குடும்பத்துக்கு 2,50,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. உறவு மறுபடி தொடங்கியது. ஆனால் 2004இல் லிபியப் பிரதமர் சுக்ரி கானெம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பேட்டி கொடுத்தார். பணம் கொடுப்பது வேறு, குற்றத்தை ஏற்பது வேறு என்பது அப்போது வெளிச்சமானது.

கடாஃபி ஆட்சி 2011இல் விழுந்தபின் விசாரணைக்கு வழி பிறந்தது. 1984இல் பேரிகேடு தகராறில் பிடிபட்ட மப்ரூக் 2015 நவம்பரில் பிரிட்டனில் வைத்துக் கைதானார், கொலைச் சதிச் சந்தேகத்தில். 2017 மே மாதம் வழக்கு கைவிடப்பட்டது. சாட்சியமே இல்லை என்பதற்காக அல்ல. முக்கியமான ஆவணங்களைத் தேசியப் பாதுகாப்புக் காரணத்தால் திறந்த நீதிமன்றத்தில் வைக்க முடியாது, வைக்காமல் குற்றம் சாட்டப் போதாது என்றார்கள். 1984இல் சதுக்கத்துக்கு வராத காகிதமும் 2017இல் நீதிமன்றத்துக்கு வராத காகிதமும் ஒன்றுதானா என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் மறித்தது ஒரே வகைச் சுவர்.

மரே அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வந்தார். குற்ற வழக்கு முடியாதென்றால் உரிமையியல் வழக்கு. சக காவலராக, அங்கே நின்று பாதிக்கப்பட்டவராக, மப்ரூக் மேல் அவரே வழக்குப் போட்டார். கேட்ட தொகை பெயரளவுக்கு 1 பவுண்டு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். உரிமையியலில் எது அதிகம் நம்பத்தக்கது என்று காட்டினால் போதும். இந்த வித்தியாசத்தில்தான் வழக்கு நின்றது. நாட்டுக்குள் வர அனுமதி இல்லாத நிலையில் மப்ரூக் நேரில் வந்து வாதாடவில்லை. தான் குற்றமற்றவன் என்பது அவர் நிலை.

2021 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி மார்ட்டின் ஸ்பென்சர் தீர்ப்பளித்தார். சுட்ட நேரத்தில் மப்ரூக் போலீஸ் காவலில் இருந்தார் என்பதில் தகராறே இல்லை. காலையில் பேரிகேடு தகராறில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்களே. ஆர்ப்பாட்டக்காரர்களைச் சுடுவதென்ற பொதுத் திட்டம் இருந்தது, அதில் அவர் முனைப்பாகப் பங்கெடுத்தவர், ஆகவே கூட்டாகப் பொறுப்பு என்பது தீர்ப்பு. முப்பத்தேழு ஆண்டுக்கு முன் தொழிலாளி கேட்ட பேச்சு கடைசியில் ஒரு நீதிமன்றத்தில் எடை பெற்றது. விசையை அழுத்திய இரண்டு கைகள் யாருடையவை என்று இதுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

சட்டத்தில் நடந்த மாற்றம் சிறியது. வியன்னா உடன்படிக்கையைத் திருத்தப் பிரிட்டன் முயலவில்லை. திருத்தினால் வெளிநாட்டிலுள்ள தன் தூதர்களே முதலில் அடிவாங்குவார்கள் என்று கணக்கிட்டது. 1987இல் தூதரக வளாகச் சட்டம் ஒன்று வந்தது: எந்தக் கட்டடத்துக்குத் தூதரகத் தகுதி என்பதை அரசு ஏற்கவும் திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. 10.18க்கு உதவியிருக்குமா என்றால், இல்லை.

கல்

கொலை நடந்து நான்கு நாளில் திரைப்பட இயக்குநர் மைக்கேல் வின்னர் லண்டன் நாளிதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார்: போரில் செத்த சிப்பாய்க்குக் கல் நடுகிறோம், பணியில் செத்த காவலருக்கு ஏன் இல்லை என்பது அதன் சாரம். ஜனங்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். 1984 மே 3இல் காவலர் நினைவு அறக்கட்டளை உருவானது. அதன் முதல் கல் ஃப்ளெட்சருக்கு. 1985 பிப்ரவரி 1 அன்று தாட்சர் திறந்து வைத்தார்.

அறக்கட்டளை அன்று எடுத்த ஒரு முடிவு பின்னால் வந்த எல்லாக் கல்லுக்கும் விதியானது. காவல் நிலையச் சுவரிலோ தலைமையகத் தோட்டத்திலோ வேண்டாம். காவலர் விழுந்த இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில், தெருவில் போகிறவர் காலில் இடறும் இடத்தில். சொல்வது எளிது. நடைபாதை மாநகராட்சியுடையது, சுவர் தனியாருடையது, ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனி அனுமதி. 5ஆம் எண்ணுக்கு எதிரே தோட்ட ஓரத்தில் நிற்கும் அந்தத் தாழ்ந்த கல்லில் "இங்கே வீழ்ந்தார்" என்று தொடங்கி, பதவி, பெயர், நாள் மட்டும் வெட்டியிருக்கிறது. நாடு முழுவதற்குமான காவலர் நினைவுச்சின்னம் மால் சாலையில் வர 2005 ஏப்ரல் 26 ஆனது, அரசி திறந்தார். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பணியில் இறந்தவர்களின் பெயர்ப் புத்தகம் இருக்கிறது.

சதுக்கத்துக் கல்லுக்கு ஏப்ரல் 17இல் இன்னும் பூ வருகிறது. மரேயும் ஓய்வு பெற்ற பழைய காவலர்களும் அங்கே கூடுவார்கள். தீர்ப்பு வந்த பிறகும் கூடினார்கள்.